பஞ்சாப்பில் 2 விக்கெட், ஹைதராபாத்தில் 19: தடுமாறும் அணிக்குப் போகும் வீரருக்கு என்ன ஆகிறது?

2017 ஐபிஎல்: 6 ஆட்டம், 2 விக்கெட். விலை ₹3 கோடி.

2024 ஐபிஎல்: 14 ஆட்டம், 19 விக்கெட். விலை ₹4 கோடி.

2025 ஐபிஎல்: 2 ஆட்டம் மட்டும். விலை ₹10.75 கோடி.

இந்த மூன்று வரியும் ஒரே ஆளுடையவை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி.நடராஜன். அதே இடது கை, அதே யார்க்கர். ஆனா மூன்று அணி, மூன்று விதமான முடிவு.

ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் சோஷியல் மீடியாவில் ஒரே கேள்விதான் சுற்றும்: "இவருக்கு இவ்வளவு விலையா?" சீசன் முடிந்ததும் அதே ஆட்கள் "பணம் வேஸ்ட்" என்று மீம் போடுவார்கள். இரண்டிலும் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. வீரர் புது அணிக்குப் போகிறார், சரி. அந்த அணி எந்த நிலைமையில் இருக்கிறது? தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணிக்குள், மொழி தெரியாத ஓர் ஊருக்குள், கழுத்தில் விலைச்சீட்டோடு நுழையும் ஒருவருக்கு என்ன நடக்கிறது?

நடராஜனின் கதையை வைத்தே இதைப் பார்க்கலாம். கூடவே ஜெர்மனியின் ஷால்க்கே கால்பந்து கிளப்பில் சிக்கிய இரண்டு அமெரிக்கப் பையன்களையும், கொல்கத்தாவுக்குப் போன சென்னைக்காரர் ஒருவரையும் பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் கணக்கு: நடராஜனின் ஐபிஎல் பயணம்

- 2017, பஞ்சாப்: 6 ஆட்டம், 2 விக்கெட்
- 2018, 2019, ஹைதராபாத்: ஓர் ஆட்டம்கூட இல்லை
- 2020, ஹைதராபாத்: 16 ஆட்டம், 16 விக்கெட்
- 2021, ஹைதராபாத்: 2 ஆட்டம் (முழங்கால் அறுவை சிகிச்சை, பிறகு கொரோனா)
- 2022, ஹைதராபாத்: 11 ஆட்டம், 18 விக்கெட்
- 2023, ஹைதராபாத்: 12 ஆட்டம், 10 விக்கெட்
- 2024, ஹைதராபாத்: 14 ஆட்டம், 19 விக்கெட்
- 2025, டெல்லி: 2 ஆட்டம்

இந்தப் பட்டியலில் 2022-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த வருஷம் ஹைதராபாத் 10 அணிகளில் 8-வது இடம். அதாவது, அணி தோற்றுக்கொண்டிருந்தது. ஆனா நடராஜன் 11 ஆட்டத்தில் 18 விக்கெட் எடுத்தார். அப்படின்னா "மோசமான அணியில் யார் போனாலும் மோசமாத்தான் ஆடுவாங்க" என்பது உண்மை இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. அதைத்தான் தேடுகிறோம்.

பஞ்சாப்பில் என்ன நடந்தது?

நடராஜன் 20 வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். அப்பா தறிக்கூடத்தில் கூலி, அம்மா சாலையோரத்தில் கடை. ஊர் அண்ணன் ஒருவர் கைபிடித்து சென்னைக்கு அழைத்துவர, கீழ் டிவிஷன் கிளப்பிலிருந்து ஏறி, 2015 ஜனவரியில் ரஞ்சி டிராபியில் அறிமுகமானார். உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்பியது. பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து அதைத் திருத்திக்கொண்டு, 2016-ல் டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக யார்க்கர் மழை பொழிந்தார்.

2017 பிப்ரவரி ஏலம். அடிப்படை விலை ₹10 லட்சம். கிங்ஸ் லெவன் பஞ்சாப் ₹3 கோடிக்கு எடுத்தது. 30 மடங்கு. சேலத்தில் கொண்டாட்டம்.

ஆனா அவர் போய்ச் சேர்ந்த வீடு எப்படி இருந்தது? பஞ்சாப் 2015-லும் கடைசி இடம், 2016-லும் கடைசி இடம். 2016 சீசனில் டேவிட் மில்லர் கேப்டனாகத் தொடங்கி, பாதியில் முரளி விஜய் வந்தார். 2017-ல் கிளென் மேக்ஸ்வெல். 2018-ல் அஸ்வின். மூன்று சீசனில் நான்கு கேப்டன்கள். இப்படி ஆட்டம் கண்டிருக்கும் அணியில் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பிளேயிங் லெவன் மாறும். புதுசா வந்தவர் ஓர் ஓவரில் 15 ரன் கொடுத்தால், அடுத்த ஆட்டத்தில் இடம் இருக்குமா என்பதே கேள்வி.

மொழி இன்னொரு சுவர். நடராஜன் தமிழில்தான் சரளமாகப் பேசுவார். அந்த அணிக்கு முந்தைய சீசனில் கேப்டனாக இருந்த சென்னைக்காரர் முரளி விஜய், காயத்தால் 2017 முழுக்க ஆடவில்லை. ஃபீல்டிங் எங்கே வைக்கணும், எந்த பேட்ஸ்மேனுக்கு மெதுவான பந்து, எவருக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே யார்க்கர் என்பதெல்லாம் ஓவருக்கு ஓவர், பந்துக்குப் பந்து பேசி முடிவெடுக்கிற விஷயம். மைதானத்தில் அதற்குக் கிடைப்பது சில விநாடிகள். மனசுக்குள் மொழிபெயர்த்துப் பேச அங்கே நேரம் கிடையாது.

முடிவு: 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த ஏலத்தில் விலை ₹40 லட்சம். ஒரே வருஷத்தில் சுமார் 87 சதவீதம் சரிவு. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 2018-ல் பஞ்சாப்புக்கு ஒரு தமிழ்க் கேப்டன் வந்தபோது, நடராஜன் அங்கே இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு வருஷம்

₹40 லட்சத்துக்கு எடுத்த ஹைதராபாத் அவரை இரண்டு சீசன் இறக்கவே இல்லை. அப்போது அந்த அணி தடுமாறவில்லை. 2018-ல் இறுதிப்போட்டி வரை போனது. புவனேஷ்வர் குமார், சித்தார்த் கவுல், சந்தீப் சர்மா, கலீல் அகமது என்று வேகப்பந்து வரிசை நிரம்பியிருந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் வீணான இரண்டு வருஷம். ஆனா அந்த இரண்டு வருஷத்தில் அவருக்கு மூன்று விஷயம் கிடைத்தது. ஒன்று, ஒரே இடத்தில் ஒரே ஆட்களோடு பயிற்சி. இரண்டு, தமிழ் பேசும் பந்துவீச்சுப் பயிற்சியாளர். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 2015 முதல் அந்த அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தார். மூன்று, இன்றைக்கு ஒரு கேட்சை விட்டாலோ ஓர் ஓவர் சொதப்பினாலோ தலைப்புச் செய்தி ஆகாது என்கிற நிம்மதி.

2020-ல் சீசன் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. சில ஆட்டங்களிலேயே புவனேஷ்வர் காயம் பட்டு வெளியேறினார். கடைசி ஓவர்களை வீச ஓர் ஆள் வேண்டும். கேப்டன் டேவிட் வார்னர் பந்தை நடராஜனிடம் கொடுத்தார். வேலை தெளிவாக இருந்தது: டெத் ஓவர், யார்க்கர். எலிமினேட்டர் ஆட்டத்தில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த பந்தை இன்னும் பல பேர் ரீல்ஸில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதன்பிறகு நடந்தது ஊரறிந்த கதை. நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனார். டிசம்பர் 2-ல் ஒருநாள், டிசம்பர் 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். டி20 தொடர் முடிந்ததும் தொடர் நாயகன் ஹர்திக் பாண்டியா தன் கோப்பையை அவர் கையில் கொடுத்தார். சின்னப்பம்பட்டிக்குத் திரும்பியபோது குதிரை பூட்டிய ரதத்தில் ஊர்வலம்.

அதற்கடுத்த வருஷங்களில் ஹைதராபாத் தானே தடுமாறத் தொடங்கியது. 2021-ல் கடைசி இடம், சீசன் நடுவிலேயே வார்னரின் கேப்டன் பதவி பறிப்பு. 2022-ல் 8-வது. 2023-ல் மறுபடி கடைசி. வார்னர், வில்லியம்சன், மார்க்ரம், கம்மின்ஸ் என்று இங்கேயும் நான்கு கேப்டன்கள். பஞ்சாப்பில் இருந்த அதே குழப்பம்தானே?

ஒரு வித்தியாசம் இருந்தது. கேப்டன் யாராக இருந்தாலும் நடராஜனின் வேலை மாறவில்லை. 16-வது ஓவருக்கு மேல் பந்து அவர் கைக்குத்தான் வரும் என்பது அவருக்கும் தெரியும், அணிக்கும் தெரியும். 2024 ஏப்ரலில் டெல்லிக்கு எதிராக 19-வது ஓவரை மெய்டனாக வீசி மூன்று விக்கெட் எடுத்தார். ஆட்டத்தில் மொத்தம் 19 ரன்னுக்கு 4 விக்கெட். அந்த சீசனில் ஹைதராபாத் சேப்பாக்கம் இறுதிப்போட்டி வரை வந்தது.

ஜெர்மனியில் ஓர் அமெரிக்கப் பையன்

இப்போ கொஞ்சம் தூரம் போவோம். ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க நகரம். அங்கே 1904-ல் தொடங்கிய கிளப் ஷால்க்கே. ரசிகர் பட்டாளம் பெரிது. 60,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானம். 2018-ல் புண்டஸ்லிகாவில் இரண்டாம் இடம் பிடித்த அணி, அடுத்த மூன்று வருஷத்தில் தலைகுப்புற விழுந்தது. கடன் 20 கோடி யூரோவைத் தாண்டியது. 2020 ஜனவரிக்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருஷம், 30 லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. இன்னும் ஓர் ஆட்டம் ஜெயிக்காமல் போயிருந்தால், 1965-66 சீசனில் டாஸ்மானியா பெர்லின் வைத்த 31 ஆட்ட அவமானச் சாதனையைச் சமன் செய்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் மேத்யூ ஹோப்பி வந்தார். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 19 வயதுப் பையன். 2019-ல் ஷால்க்கேயின் இளையோர் பிரிவுக்கு வந்தவர். கோல் அடிக்க ஆளே இல்லாத நிலைமையில் முதல் அணிக்கு இழுக்கப்பட்டார். 2021 ஜனவரி 9, ஹோஃபன்ஹைம் அணிக்கு எதிராக ஹாட்ரிக். 4-0 வெற்றி. புண்டஸ்லிகாவில் ஹாட்ரிக் அடித்த முதல் அமெரிக்கர். கொரோனா காலம் என்பதால் மைதானத்தில் ரசிகர் ஒருவர்கூட இல்லை.

அந்த மூன்று கோலுக்கும் பந்தைக் கொடுத்தவர் ஒரே ஆள், மொராக்கோ வீரர் அமின் ஹாரிட். புது வீரருக்கு முழு அணியும் புரிய வேண்டியதில்லை. அவர் எங்கே ஓடுவார் என்று தெரிந்த ஒருத்தர் போதும் என்பதற்கு அந்த மாலை நல்ல உதாரணம்.

ஆனா அது நீடிக்கவில்லை. அந்த ஒரே சீசனில் ஷால்க்கேவுக்கு ஐந்து பயிற்சியாளர்கள். ஹோப்பி 22 லீக் ஆட்டத்தில் 6 கோல் அடித்தார். அதில் ஐந்து அந்த ஜனவரியின் அடுத்தடுத்த மூன்று ஆட்டங்களில் வந்தவை. ஏப்ரல் மாதம், லீக் முடியும் முன்பே ஷால்க்கே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்குவது உறுதியானது. 30 வருஷத்துக்குப் பிறகு முதல்முறை. அன்றிரவு மைதானத்துக்குத் திரும்பிய வீரர்களைக் கோபமான ரசிகர்கள் துரத்தினார்கள்.

பணத்துக்குத் தவித்த கிளப் ஹோப்பியை விற்றது. ஸ்பெயினில் மயோர்கா, இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, ஸ்காட்லாந்தில் ஹிபர்னியன், அமெரிக்காவில் சான் ஹோசே. ஒவ்வொரு ஊரிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த ஜனவரி மாத ஹோப்பி மறுபடி வரவே இல்லை.

அதே கிளப், இன்னொரு அமெரிக்கர்

ஷால்க்கேயில் அவருக்கு முன்பே வெஸ்டன் மெக்கென்னி என்ற அமெரிக்கர் இருந்தார். நடுக்களம், வலப்பக்கத் தடுப்பு, மையத் தடுப்பு, சில சமயம் முன்களம் என்று அவரை எல்லா இடத்திலும் ஆட வைத்தார்கள். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே அவரை வைத்து அடைப்பார்கள். நம்ம ஆபீஸில் "இவன் எல்லாம் பார்த்துக்குவான்" என்று ஒருத்தர் தலையில் எல்லா வேலையையும் கட்டுவோமே, அதே கதை.

ஆனாலும் மெக்கென்னி நின்றார். 2020 ஆகஸ்டில் இத்தாலியின் யுவென்டஸுக்கே போனார். என்ன காரணம்? ஒரு பகுதி திறமை. இன்னொரு பகுதி, அவருக்கு ஜெர்மனி புதுசு இல்லை. அவருடைய அப்பா அமெரிக்க விமானப்படையில் இருந்தார். குடும்பம் சில வருஷம் கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கத்தில் வசித்தது. மெக்கென்னி கால்பந்தை முதன்முதலில் உதைத்ததே ஒரு ஜெர்மன் கிராமத்து கிளப்பில்தான். அதோடு, 2017-ல் அவர் முதல் அணிக்கு வந்தபோது ஷால்க்கே இன்னும் விழத் தொடங்கவில்லை. கால் ஊன்றிக்கொள்ள அவருக்கு அவகாசம் இருந்தது. ஹோப்பிக்கு அது கிடைக்கவில்லை.

கொல்கத்தாவில் ஒரு சென்னைக்காரர்

இந்தியக் கால்பந்திலும் இதே கதைக்கு ஒரு நல்ல முகம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் 2023-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 1920-ல் தொடங்கிய, லட்சக்கணக்கான ரசிகர்கள் கொண்ட கிளப். ஆனா ஐஎஸ்எல்லுக்கு வந்தபின் முதல் மூன்று சீசனில் 9, 11, 9 என்ற இடங்கள்தான். மோகன் பகானுக்கு எதிராகத் தொடர்ந்து எட்டு டெர்பி தோல்விகள்.

2023 ஆகஸ்ட் 12, டியூராண்ட் கோப்பை டெர்பி. நந்தகுமாரின் ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. நாலரை வருஷக் காத்திருப்பு முடிந்தது. 2024 ஜனவரி சூப்பர் கோப்பையில் மறுபடி டெர்பியில் ஒரு கோல், இறுதிப்போட்டியில் தன் பழைய அணியான ஒடிசாவுக்கு எதிராகச் சமன் செய்த கோல். 2012-க்குப் பிறகு அந்த கிளப் வென்ற முதல் தேசிய அளவிலான கோப்பை அது.

அவர் விஷயத்தில் எது வேலை செய்தது? சீசன் தொடங்கும்போதே கார்லஸ் குவாட்ராட் என்ற புது பயிற்சியாளர் வந்தார், புது அணியைக் கட்டினார். எல்லோருமே புதுசு என்பதால் நந்தகுமார் மட்டும் தனியாகப் பழக வேண்டியிருக்கவில்லை. ஆனா இன்னொன்றையும் சொல்லியாகணும். அந்த சீசனிலும் ஐஎஸ்எல்லில் ஈஸ்ட் பெங்கால் 9-வது இடம்தான். ஒரு வீரர் நன்றாகப் பொருந்திவிட்டார் என்பதால் கிளப்பின் எல்லா நோயும் தீராது.

14 ஆட்டம், 34 ஆட்டம்

இங்கே லீக்கின் அமைப்பும் முக்கியம்.

புண்டஸ்லிகாவில் 18 அணிகள். ஒரு சீசனுக்கு 34 ஆட்டம், கிட்டத்தட்ட பத்து மாதம். கடைசி இரண்டு அணிகள் நேராக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். 16-வது அணி பிளேஆஃப் ஆடித் தப்பிக்கணும். இறங்கினால் டிவி வருமானம் சரியும், வீரர்களை விற்க வேண்டிவரும். அதனால் தோற்கும் கிளப்பில் எல்லோருமே பதற்றத்தில் இருப்பார்கள். தோல்வியின் விலையை முழு கிளப்பும் கட்டுகிறது.

ஐபிஎல்லில் லீக் சுற்று வெறும் 14 ஆட்டம், இரண்டு மாதம். கடைசி இடம் வந்தாலும் அணி அடுத்த வருஷமும் அதே லீக்கில்தான் இருக்கும். டிவி பணமும் வரும். அப்படின்னா தோல்வியின் விலையைக் கட்டுவது யார்? பயிற்சியாளரும் வீரரும்தான். சீசன் முடிந்ததும் வரும் தக்கவைப்புப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் மறுபடி ஏலம். சர்வதேச வீரர்களுக்கு அது பெரிய அடி இல்லை. இன்னும் இந்திய அணிக்கு ஆடாத, சிறு ஊரிலிருந்து வந்த பையனுக்கு, ஒரு மோசமான சீசன் என்பது வாழ்க்கையின் ஒரே சீசனாகவும் ஆகிவிடலாம்.

14 ஆட்டத்தில் ஒருவர் பழகவே முடியாது. முதல் நான்கு ஆட்டம் பெஞ்ச், அடுத்த மூன்றில் வாய்ப்பு, ஒன்றில் அடி வாங்கினால் மறுபடி பெஞ்ச். அதற்குள் மே மாதம் வந்துவிடும்.

அப்போ எதுதான் வேலை செய்கிறது?

இந்த நான்கு பேரின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

தெளிவான ஒரு வேலை. ஹைதராபாத் நடராஜனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: டெத் ஓவர். கேப்டன்கள் மாறியும் அது மாறவில்லை. ஷால்க்கே மெக்கென்னியிடம் எல்லாவற்றையும் கேட்டது.

மொழி தெரிந்த ஒருத்தர். முரளிதரன் போல ஒருவர் பயிற்சிக் குழுவில் இருந்தால் பாதி தூரம் குறைகிறது. பயிற்சியாளரோ, சக வீரரோ, யாராவது ஒருத்தர். பேச்சுமொழி மட்டும் இல்லை. ஹாரிட்டுக்கும் ஹோப்பிக்கும் நடுவே ஓடிய ஆட்டமொழியும் இதில் சேரும்.

அவசரம் இல்லாத நேரம். விழுந்துகொண்டிருக்கும் அணியால் இதைக் கொடுக்கவே முடியாது. அதனால்தான் அங்கே போகும் இளைஞர்கள் அதிகம் அடிபடுகிறார்கள்.

உடம்பு. இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நடராஜனின் 2021-ஐ முழங்கால் எடுத்துக்கொண்டது. 2025-ல் டெல்லியில் 2 ஆட்டம் மட்டும் ஆடினார். முதல் நான்கு ஆட்டத்தையும் ஜெயித்துத் தொடங்கிய அந்த அணி, கடைசியில் 5-வது இடத்தில் முடிந்தது. இரண்டு ஆட்டத்தை வைத்து "₹10.75 கோடி வேஸ்ட்" என்பதும் சரியில்லை, "டெல்லி அவரை ஒதுக்கிவிட்டது" என்பதும் சரியில்லை. தீர்ப்பு சொல்ல அங்கே கணக்கே இல்லை.

"கோடி வாங்குறவங்களுக்கு என்ன கஷ்டம்?"

நியாயமான கேள்விதான். ₹3 கோடி வாங்கியவருக்காக மாதச் சம்பளக்காரர்கள் ஏன் வருத்தப்படணும்? வருத்தப்பட வேண்டாம். விலை அதிகம் என்றால் எதிர்பார்ப்பும் அதிகம்தான். நடராஜனும் பஞ்சாப்பில் சுமாராகத்தான் வீசினார், அதை மறைக்கவும் வேண்டாம்.

ஆனா ஒரு விஷயம். ₹3 கோடி கொடுத்து ஒருவரை எடுக்கும் அணி, அவர் எந்த ஓவரை வீசுவார், யாரிடம் பேசுவார், எத்தனை ஆட்டம் பொறுப்போம் என்று யோசிக்கவில்லை என்றால், வீணானது அணியின் பணம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியில் பெரிய சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மூன்று மாதத்தில் மூன்று மேனேஜர் மாறுவார்கள். வேலை என்னவென்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறாவது மாதம் "பெர்ஃபார்மன்ஸ் இல்லை" என்று மெயில் வரும். ஆஃபர் லெட்டரில் உள்ள தொகையைப் பார்க்கும் நாம், டீம் எப்படி இருக்கிறது என்று கேட்காமல்தானே கையெழுத்துப் போடுகிறோம்?

சேர்வராயன் மலையடிவாரத்தில் இது ஏன் முக்கியம்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. மேலே லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் நகரம் முழுக்கக் கீழே விரியும். இந்த மலையும் அதைச் சுற்றிய சமவெளியும் கடந்த பத்து வருஷத்தில் விளையாட்டில் நிறையப் பார்த்துவிட்டன. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். 2020 பிப்ரவரியில் வாழப்பாடி பக்கம் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம் திறக்கப்பட்டது. ராகுல் டிராவிட் வந்திருந்தார். டிஎன்பிஎல் ஆட்டங்களும் அங்கே நடந்தன. 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியிலேயே நடராஜன் தன் பெயரில் ஒரு மைதானம் கட்டினார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார்.

மைதானம் வந்துவிட்டது. யார்க்கர் போடக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார். அடுத்தது என்ன?

மலைக்கிராமத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். சமதரையே அபூர்வமான ஊர். போட்டி என்றால் சேலத்துக்கு இறங்கணும். அங்கிருந்து சென்னை லீக். அங்கிருந்து, அதிர்ஷ்டம் இருந்தால், மொஹாலியோ ஜெய்ப்பூரோ லக்னோவோ. அவனுக்கு ஐபிஎல் ஏலம் மூன்றாவது இடமாற்றம். முதல் மாற்றம் அந்த 20 வளைவில் இறங்கும்போதே நடந்துவிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சாப்பாடு, பேச்சு, படுக்கை, கேலி எல்லாம் புதுசு. பந்துவீச்சைப் பழக்கும் நாம் இதைப் பழக்குவதே இல்லை.

கேட்கப் பெரிய விஷயமாகத் தெரியலாம், ஆனா செய்ய வேண்டியவை சின்னவைதான். மாவட்ட அளவிலேயே கொஞ்சம் ஆங்கிலமும் இந்தியும் பேசப் பழக்குவது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஓர் ஆள். வெளியூரில் முதல் சீசன் ஆடும் பையனுக்கு வாரம் ஒருமுறை போன் செய்யும் பயிற்சியாளர். நடராஜனை சென்னைக்கு அழைத்துப்போன அந்த ஊர் அண்ணன் செய்ததும் இதைத்தான். ஒருத்தருக்கு அப்படி ஓர் அண்ணன் கிடைத்தது அதிர்ஷ்டம். ஒவ்வொருத்தரும் அதிர்ஷ்டத்தையே நம்பியிருக்க முடியாது.

அடுத்த ஏலம் பார்க்கும்போது

விலை ஏறும்போது கைதட்டுங்கள், தப்பில்லை. கூடவே மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த அணியில் போன சீசனில் எத்தனை கேப்டன், எத்தனை பயிற்சியாளர் மாறினார்கள்? இவருக்கு என்ன வேலை என்று அவர்களுக்குத் தெரியுமா? அங்கே இவர் மனசுவிட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், மே மாதத்தில் அவருடைய கணக்கு எப்படி இருக்கும் என்று விலையைவிட நன்றாகவே ஊகிக்கலாம். 2017-ல் இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ₹3 கோடிக்கு 2 விக்கெட் எடுத்தவரை அப்போதே முடிந்துபோன ஆள் என்று எழுதியிருக்க மாட்டோம்.